ஊதாதக்கா அடித்த அடி

என் அக்கா தன் வாழ்நாளில், கேமராவுக்குள் வாயால் ஊதிய குற்றத்துக்காக மட்டும், ஒன்பது பேரைக் கன்னத்தில் அறைந்திருக்கிறாள். வேறு காரணங்களுக்காக அடித்தவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். ஒன்பது பேரில் ஒருவர் ஓய்வுபெற்ற நீதிபதி, பறவைகளைத் தேடித்தேடிப் படமெடுக்கிறவர். அறை வாங்கிய பிறகும் அவர் எங்கள் கடைக்குத்தான் வந்துகொண்டிருந்தார். சென்சார் கழுவுவதற்கு ஊரில் அவளை விட்டால் ஆள் கிடையாது என்பது அவருக்கும் தெரியும், கன்னத்துக்கும் தெரியும்.

தொழில்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் ஊதாதக்கா. யாராவது லென்ஸைக் கழற்றி வாயைக் குவித்தால் போதும், அறையின் அந்த மூலையிலிருந்து "ஊதாதே" என்று ஒரு சத்தம் வரும். சத்தத்துக்குப் பின்னாலேயே கை வரும்.

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது என்பதை நானே ஒத்துக்கொள்கிறேன். லென்ஸைக் கழற்றி மாட்டுகிற கேமராக்களில், கழற்றும் ஒவ்வொரு தடவையும் தூசி உள்ளே புகுந்து, படம் விழுகிற கண்ணாடிச் சில்லின் மேல் குந்திக்கொள்ளும். அந்தச் சில்லுதான் சென்சார். அதன் பிறகு எடுக்கிற படம் ஒவ்வொன்றிலும் அதே இடத்தில் ஒரு சாம்பல் புள்ளி விழும். மணப்பெண்ணின் நெற்றியிலும் விழும், கடலுக்கு நடுவிலும் விழும். இதற்கு எந்த ஆம்பளைக்கும் முதலில் தோன்றுகிற வைத்தியம் உஃப் என்று ஊதுவது. ஊதினால் தூசி வெளியே வராது, எச்சில்தான் உள்ளே போகும். காய்ந்த எச்சில் தூசியைவிடப் பொல்லாதது.

எங்கள் கடை நான்காவது மாடியில் ஒரே ஓர் அறை. ஜன்னல் இடுக்குகளில் எல்லாம் டேப் ஒட்டியிருக்கும். மின்விசிறி கிடையாது, இருந்ததையும் அக்கா கழற்றி விற்றுவிட்டாள். அவள் தலைக்கு பிளாஸ்டிக் தொப்பி, உடம்புக்கு நைலான் கோட்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஈரத்துணியால் தரையைத் துடைப்பது என் வேலை. வருகிறவர்கள் செருப்பை வாசலில் விட வேண்டும், கம்பளிச் சட்டை போட்டிருந்தால் சட்டையையும். கேமரா தோள்வாரின் நூல் பிரிந்திருந்தால் சிகரெட் லைட்டரால் அதன் நுனியைப் பொசுக்கிவிட்டுத்தான் கையில் தொடுவாள். தூசியில் பாதி தோள்வாரிலிருந்து வருகிறது என்பது அவள் கட்சி. வெயில் காலத்தில் அந்த அறையில் நாங்கள் இருவரும் வெந்துகொண்டிருப்போம்.

அவள் கை நீண்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். அப்பா எங்களை பெல்ட்டால் அடிப்பார். அக்காவுக்குப் பதினான்கு வயதான அன்று என்னை அடிக்க ஓங்கிய பெல்ட்டைப் பிடுங்கி அப்பாவையே வெளுத்துக் கட்டினாள். அன்றோடு எங்கள் வீட்டில் அடி நின்றது. அவள் கை மட்டும் நிற்கவில்லை. கல்யாணம் ஏழு மாதம் தாக்குப்பிடித்தது. அத்தான் நல்ல மனிதர்தான், ஆனால் சிகரெட் சாம்பலைக் கண்ட இடத்தில் தட்டுவார். கடைசியாக அவர் தட்டிய இடம் அக்காவின் வேலை மேஜை. மறுநாள் நெற்றியில் நான்கு தையலோடு அவருடைய அம்மா வீட்டுக்குப் போனவர், போனவர்தான்.

கடை தொடங்கிய புதிதில் ஒருவன், தன் சென்சாரில் அவள் கீறல் போட்டுவிட்டதாகச் சொல்லி அவள் முடியைப் பிடித்து இழுத்தான். கேமரா வைக்கிற முக்காலியின் காலால் அவன் மணிக்கட்டை அவள் உடைத்தாள். கீறல் முன்னமே இருந்தது என்று நிரூபிக்க வழியில்லாமல் இரண்டு நாள் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அதற்குப் பிறகுதான் அட்டை வழக்கம் வந்தது. எந்தக் கேமரா வந்தாலும் முதலில் வெள்ளைச் சுவரைப் பார்த்து, லென்ஸின் துளையைக் கடைசிவரை மூடி, ஒரு படம். துளை சிறுத்தால்தான் தூசி தெரியும். கழுவிய பிறகு இன்னொரு படம். இரண்டையும் சின்ன அட்டையாக அச்சிட்டு, பின்னால் பெயரும் தேதியும் எழுதி, தகரப் பெட்டியில் போட்டுவிடுவாள். பதினோரு வருட அட்டைகள் சேர்ந்திருந்தன. அக்கா ஆட்களின் முகத்தை மறந்துவிடுவாள். தூசியை மறக்க மாட்டாள்.

இப்போது என் வீட்டுக்காரருக்கு வருகிறேன். அவரும் படமெடுக்கிறவர்தான். ஒரு திரைச்சீலைக் கடையின் விளம்பரத்துக்காக எதிர் மொட்டை மாடியில் நின்று, நட்டநடு மத்தியானத்தில், அந்தக் கட்டிடத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். கட்டிடம் முழுவதும் துல்லியமாக விழ வேண்டும் என்று லென்ஸின் துளையை நன்றாகச் சிறுக்கி வைத்திருந்தார். அப்போது கீழே, திரைச்சீலைக் கடைக்குப் பக்கத்திலிருந்த தையல் கடையிலிருந்து தையல்காரரை வெளியே இழுத்துப் போட்டார்கள். அந்தக் கட்டிடத்தைக் காலி செய்ய மாட்டேன் என்று வழக்குப் போட்டிருந்தவர் அவர். இழுத்துப் போட்டது வீடுகட்டி விற்கிற மேஸ்திரியின் மகன், எல்லோரும் சின்ன மேஸ்திரி என்பார்கள். கையில் அரை அங்குலக் கம்பி. முதல் அடி முழங்காலில். மூன்றாவது அடி தலையில். அதற்குப் பிறகு தையல்காரர் கையைத் தூக்கவில்லை, ஆனாலும் அவன் நிறுத்தவில்லை. என் வீட்டுக்காரர் பதினொரு படம் எடுத்தார். ராத்திரிச் சாப்பாட்டை வாந்தி எடுத்துவிட்டு, படங்களைப் பெயர் போடாமல் ஒரு பத்திரிகைக்கு அனுப்பினார். தெரிந்தது எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும். அக்காவிடம் சொல்லவில்லை. அவள் சின்ன மேஸ்திரியைத் தேடிப் போய் அடித்துவிடுவாள் என்று எனக்கு உண்மையாகவே பயம்.

மறுநாள் காலை கடைக்குள் நுழைந்தால் பத்திரிகை மேஜையில் விரிந்து கிடந்தது. முதல் பக்கத்தில் பாதிக்கு மேல் அந்தப் படம். கீழே தெரு, கம்பி, ரத்தம், மேலே அகலமாக வெள்ளை வானம். நான்கு வாடிக்கையாளர்கள் சுற்றி நின்று, பாவம் இரண்டு பிள்ளைகள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் செத்த மனிதனைப் பார்க்கவில்லை. அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவள் செய்த பிழை. அந்தத் தொழிலில் இருக்கிறவள் தவிர வேறு யாரும் அப்படி ஒரு பிழை செய்திருக்க முடியாது.

"இதைக்கூடத் தொடைக்காம ஒருத்தன் படத்த அனுப்பியிருக்கான் பாரு" என்று சிவப்புப் பென்சிலை எடுத்தாள். வானத்தில் ஒரு வளைந்த நூலைச் சுற்றி வட்டம் போட்டாள். பக்கத்தில் வரிசையாக மூன்று புள்ளிகளுக்கு மூன்று வட்டம். "இது என் கைக்கு வந்துட்டுப் போன கேமராதான். கேமராவுக்கும் கைரேகை உண்டு. அட்டையப் பாத்தா பேரச் சொல்லிருவேன்."

அந்த நூல் என் வீட்டுக்காரருடைய கேமராவில் ஒட்டிக்கொண்டது. போன தடவை கழுவியபோது வரவில்லை. ஊறவைத்து எடுக்க வேண்டும், அடுத்த மாதம் வா என்று அவள் சொல்லி, அவர் போகாமல் இருந்தார். அக்காவைக் கையைப் பிடித்து மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போய் சொன்னேன்.

அவள் என்னை அறைந்தாள். "எங்கிட்டச் சொல்லாம யாருகிட்டடி சொல்லுவ?" பிறகு தன் வாயிலேயே இரண்டு முறை அடித்துக்கொண்டாள். நானும் அவளை அடித்திருப்பேன். அந்த நிமிஷம் அவளை நான் அவ்வளவு வெறுத்தேன். திரும்பி உள்ளே போனபோது மேஜையில் பத்திரிகையின் முதல் பக்கம் இல்லை. சுற்றி நின்ற நான்கு பேரில் சோப்பு என்பவனும் இல்லை. பெரிய மனிதர்களுக்கு சோப்புப் போட்டே பிழைக்கிற கல்யாணப் படக்காரன். மேஸ்திரி வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் அவன்தான் படமெடுப்பது.

ஒரு மணி நேரத்தில் சின்ன மேஸ்திரி வந்துவிட்டான், கூட இரண்டு பேர். செருப்பை வெளியே விடச் சொல்லி வாசலில் மாட்டியிருந்த பலகையைப் படித்துவிட்டு, செருப்பைக் கழற்றி, ஜோடியாக வைத்துவிட்டு வந்தான். நேற்று ஓர் ஆளைக் கொன்றவன் செருப்பை ஒழுங்காக வைப்பதைப் பார்த்தபோதுதான் எனக்கு அவனிடம் பயம் முழுசாக வந்தது. சிவப்பு வட்டம் போட்ட பக்கத்தை மேஜையில் விரித்து, மரியாதையாகப் பேசினான்.

"அக்கா, அட்டையப் பாத்தா பேரச் சொல்லிருவீங்களாமே. அந்தப் பெட்டிய எடுங்க."

அக்கா தகரப் பெட்டியை இறக்கி மேஜையில் வைத்தாள். மூடியைத் திறந்தாள். சென்சார் துடைக்கிற திரவப் புட்டி பக்கத்தில் இருந்தது. அதைத் தேடி எடுத்த மாதிரியே தெரியவில்லை, கைவாக்கில் எடுத்துப் பெட்டிக்குள் கவிழ்த்து, தோள்வார் பொசுக்குகிற லைட்டரைத் தட்டிவிட்டாள்.

அந்தத் திரவம் எரிகிற தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. பெட்டிக்குள் அட்டைகள் தானாகக் கறுத்துச் சுருளுவதுதான் தெரிந்தது. கூட வந்தவர்களில் ஒருவன் புரியாமல் கையை உள்ளே விட்டுக் கொத்தாக அட்டைகளை அள்ளினான். அவன் கத்திய கத்தலில் கீழ் மாடிக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உதறிய கையிலிருந்து தோல் தொங்கியது. இன்னொருவன் என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான், எப்போதும் நாங்கள் படமெடுக்கிற வெள்ளைச் சுவர். அக்கா முக்காலியைத் தூக்கி அவன் முதுகில் ஒன்று போட்டாள். இரண்டாவது அடிக்கு அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

சின்ன மேஸ்திரி அவள் வலது கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் இரும்பு மேஜையின் இழுப்பறைக்குள் வைத்துக் காலால் உதைத்து மூடினான். எலும்பு உடைகிற சத்தம் பெரிதாகக் கேட்கவில்லை. அக்காவும் கத்தவில்லை. அவன் முகத்தில் துப்பினாள். இன்னொரு முறை உதைத்தான்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதே மரியாதையோடு சொன்னான். "நாளைக்குப் பத்து மணிக்கு இந்தத் தொழில்ல இருக்கிற எல்லாரும் கேமராவோட இங்க வரணும். நீங்களே சுவத்தப் பாத்துப் படம் எடுத்துக் காட்டுங்க. எவன் வரலையோ அவன்தான். எவன் கேமரா பளபளன்னு இருக்கோ, அவனும்தான்."

போகும்போது தகரப் பெட்டியை எட்டி உதைத்துவிட்டுப் போனான். நான் ஈரத்துணியால் தீயை அணைத்தேன்.

கட்டுப் போட்ட டாக்டர், இந்த இரண்டு விரலும் இனி முழுசாக மடங்காது என்றார். அக்கா அதைக் கேட்டுக்கொண்ட மாதிரியே இல்லை. வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் அவள் காலில் விழாத குறை. தானே போய் ஒத்துக்கொள்வதாகச் சொன்னார். என்ன, ஒரு கையை உடைப்பான், அவ்வளவுதானே என்றார்.

"கையோட நிறுத்தமாட்டான் தம்பி" என்றாள் அக்கா. "தையல்காரருக்குப் பண்ணினதத்தான் உனக்கும் பண்ணுவான். காலையில ஆறு மணிக்குக் கேமராவ எடுத்து வை."

வேறு கேமராவைக் கொண்டுபோக முடியாது. மூலை உடைந்து கறுப்பு டேப் சுற்றிய அவருடைய கேமரா தொழிலில் எல்லோருக்கும் தெரியும். நூலோடு போனால் சாவு, கழுவிவிட்டுப் போனாலும் சாவு. ராத்திரி முழுவதும் நான் இதையே புரட்டிக்கொண்டிருந்தேன். அக்கா நன்றாகத் தூங்கினாள்.

காலையில் எங்கள் குளியலறையில் வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, ஆவி அடங்கும்வரை காத்திருந்தோம். ஆவியோடு காற்றிலிருக்கிற தூசியும் தரைக்கு இறங்கிவிடும். அக்கா கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். வலது கையில் கட்டு, இடது கையில் ஸ்வாப் என்கிற துடைப்புக் குச்சி. இடது கையால் அவள் ஒரு கடுகைக்கூட எடுத்துப் பழகியதில்லை. நான் கேமராவை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன், என் வீட்டுக்காரர் டார்ச் அடித்தார். படத்தில் மேலே தெரிகிற தூசி சென்சாரில் கீழே இருக்கும். அவள் சொட்டுத் திரவத்தை அங்கே வைத்து, ஊறவிட்டு, ஒரே இழுப்பில் துடைக்கப் பார்த்தாள். இழுப்பு கோணிப் போனது. இரண்டு ஸ்வாப் வீணானது. மூன்றாவதில் நூல் வந்தது, நான்காவதில் மூன்று புள்ளியும். குளியலறைச் சுவரைப் படமெடுத்துப் பார்த்தோம். அப்பழுக்கில்லை. இடது கையால் செய்த வேலை என்று அவளே சொன்னால்தான் தெரியும்.

அந்தத் துப்புரவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு கேமராவை என்னிடம் நீட்டினாள்.

"ஊது."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் ஊதினேன். பயத்தில் வாய் வறண்டு வெறும் காற்றுதான் வந்தது, ஒரு புள்ளிகூட விழவில்லை. என் வீட்டுக்காரர் ஊதினார், அதுவும் அதே லட்சணம். ஊதக்கூடத் துப்பில்லாத குடும்பம் என்று திட்டிவிட்டு அக்கா கேமராவை வாங்கினாள். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை வருஷமாக எதைச் செய்தவனையெல்லாம் அறைந்தாளோ, அதைச் செய்தாள். எச்சில் தெறிக்க, வாய் நிறைய, மூன்று முறை ஊதினாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்ததைப் பார்த்தேன். விரல் உடைந்தபோது அழாதவள் இதற்கு அழுதாள்.

பத்து மணிக்குக் கடைக்குள் நிற்க இடமில்லை. பதினேழு படக்காரர்கள், கழுத்தில் கேமராவோடு வரிசையில் நின்றார்கள். சின்ன மேஸ்திரி அக்காவின் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். மடியில் கம்பி. அதே கம்பியா என்று எனக்குத் தெரியாது, யாரும் கேட்கவுமில்லை. சோப்பு அருகில் நின்று, சிவப்பு வட்டம் போட்ட பத்திரிகைப் பக்கத்தை விரித்துப் பிடித்திருந்தான். ஒவ்வொரு கேமராவாக வெள்ளைச் சுவரைப் படமெடுத்து நான் லேப்டாப்பில் காட்டினேன். இரண்டாவதாக வந்தவனுக்கு மேல் மூலையில் ஏதோ கோடு தெரிந்தது. விளக்கம் சொல்ல வாயெடுத்தவனின் தோளில் கம்பி இறங்கியது. கோடு வட்டத்துக்கு நேராக இல்லை என்று அக்கா இடது விரலால் தொட்டுக் காட்டிய பிறகுதான் விட்டான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தான்.

பன்னிரண்டாவது ஆள் என் வீட்டுக்காரர். நான் பொத்தானை அழுத்தினேன். திரையில் படம் வந்தது. மூலை முடுக்கெல்லாம் வட்டம் வட்டமாகக் காய்ந்த எச்சில். நூல் இல்லை, மூன்று புள்ளி இல்லை. சின்ன மேஸ்திரி அடுத்தவனைக் கூப்பிடக் கையை ஆட்டினான்.

அப்போது சோப்பு குனிந்து அவன் காதுக்கருகே சொன்னது எல்லோருக்கும் கேட்டது. "அண்ணே, இவரு அக்காவோட தங்கச்சி வீட்டுக்காரரு. அக்காவே கழுவித் தர்ற கேமரா. இதுல எப்படிண்ணே இவ்வளவு அழுக்கு?"

சின்ன மேஸ்திரி திரையை மறுபடி பார்த்தான். கம்பியை ஊன்றி எழுந்தான்.

அவனுக்கு முன்னால் அக்கா போய்விட்டாள். தம்பி என்பதைத் தவிர வேறு வார்த்தையால் என் வீட்டுக்காரரை அவள் கூப்பிட்டதே கிடையாது.

"வாயால ஊதினியாடா?"

கேட்டுக்கொண்டே அறைந்தாள். இடது கையால் அல்ல. இடது கையால் அவள் அடித்து யாரும் பார்த்ததில்லை, அந்த அடியை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். கட்டுப் போட்ட வலது கையால், தோளிலிருந்து வீசி, பளார் என்று. அவர் சுவரில் மோதிக் கீழே உட்கார்ந்தார். காதிலிருந்து ரத்தம் வந்தது. கட்டுக்குள் விரல்களுக்கு அணையாக வைத்திருந்த சிம்பு முறிகிற சத்தத்தை நான் கேட்டேன். அவள் நிறுத்தாமல் இன்னொன்று கொடுத்தாள். "என் வீட்டுலயே ஒருத்தன். என் வீட்டுலயே. எத்தனை வாட்டி சொல்லியிருப்பேன்."

வரிசையில் யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், பயத்தில் அடக்கி வைத்திருந்த மூச்செல்லாம் சிரிப்பாக வந்தது. ஏற்கெனவே அந்தக் கையால் வாங்கியவர்கள் மூன்று பேர் அங்கே நின்றார்கள், அவர்கள் கன்னத்தைத் தடவிக்கொண்டே சிரித்தார்கள். சின்ன மேஸ்திரியும் சிரித்துவிட்டான். பத்தாவது ஆளா அக்கா என்று கேட்டான். மற்ற ஐந்து பேரையும் அவசரமாகப் பார்த்தான். ஒன்றும் பொருந்தவில்லை. பொய்த் தகவல் கொண்டுவந்ததற்காக சோப்புவின் கேமராவை வாங்கித் தரையில் அடித்து உடைத்துவிட்டு, சோப்புவின் முழங்காலிலும் கம்பியால் ஒன்று வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான். பத்தொன்பது நாள் கழித்து அவனைப் போலீஸ் பிடித்தது. பிடித்துக் கொடுத்தது அந்தப் பதினொரு படங்கள்தான். எடுத்தவர் யார் என்று எங்கள் மூன்று பேரைத் தவிர இன்றுவரை யாருக்கும் தெரியாது.

எல்லோரும் போன பிறகு நான் கதவைத் தாழிட்டேன். என் வீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டு தரையிலேயே இருந்தார். அந்தக் காது அவருக்கு இன்றும் பாதிதான் கேட்கும். அக்கா தன் ஸ்டூலைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து, கையை என் முன்னால் நீட்டினாள். கட்டை அவிழ்த்தேன். விரல்கள் இரண்டும் கறுத்து, வீங்கி, வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு விரலில் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. டாக்டரிடம் ஓடலாம் வா என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை. கோபமாகப் பேசித்தான் அவளுக்குப் பழக்கம், அப்போதும் குரலில் கோபம் இருந்தது.

"எரியுதுடி" என்றாள். "கொஞ்சம் ஊதி விடு."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஊதினேன்.